கிராமத்து வீட்டில் ஸ்மார்ட் மீட்டர்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடை ஊர் நடுவில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்திலேயே. வீடு லைனின் கடைசிக் கம்பத்தில். அதனால் பகலில் நல்ல வோல்டேஜிலும் ராத்திரி மோசமான வோல்டேஜிலும் வாழ்கிறவன் நான். ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து, மிக்ஸி கொண்டுவருபவர், டேபிள் ஃபேன் கொண்டுவருபவர் எல்லோரும் நின்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. மத்திய அரசு 2021-ல் மின் பகிர்மானத்தைச் சீரமைக்க ஒரு பெரிய திட்டம் அறிவித்தது. நாடு முழுக்க 25 கோடி ப்ரீபெய்ட் ஸ்மார்ட் மீட்டர் வைப்பது அதில் முக்கியமான இலக்கு. தமிழ்நாட்டில் சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் சோதனையாக வைத்தார்கள். மாநிலம் முழுவதற்குமான டெண்டர் ஒருமுறை 2024 டிசம்பரில் ரத்தானது. ஆகவே நம் ஊருக்கு எந்தத் தேதியில் வரும் என்று கேட்காதீர்கள். வந்தால் என்ன செய்யும் என்பதைச் சொல்கிறேன்.

இப்போது இருப்பதும் டிஜிட்டல் மீட்டர்தானே, ஸ்மார்ட் மீட்டரில் புதிதாக என்ன இருக்கிறது?

இப்போதைய மீட்டர் எண்ணும், ஆனால் பேசாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க ஆள் வந்து பார்த்தால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஸ்மார்ட் மீட்டர் தானாகவே மின்வாரியத்துக்குக் கணக்கை அனுப்பும், அங்கிருந்து வரும் கட்டளையையும் கேட்கும். அதோடு அது ஒரு நாட்குறிப்பும் எழுதுகிறது. 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை யூனிட் போனது, வோல்டேஜ் எவ்வளவு இருந்தது என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளும். கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது, யாராவது மூடியைத் திறந்தார்களா என்பதும் அதில் பதிவாகும். இந்தியாவில் இதற்கென்று தரக்கட்டுப்பாடு இருக்கிறது: ஐ.எஸ். 16444. மீட்டரின் முகத்தில் இந்த எண் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒரு சுவிட்சும் உண்டு. தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் திரும்பக் கொடுக்கவும் அதனால் முடியும். ஜனங்களுக்குப் பயம் வருவது அங்கேதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்மார்ட் கிரிட் என்கிறார்களே, அதுவும் இந்த மீட்டரும் ஒன்றா?

ஒன்றில்லை. வீட்டு மீட்டர் அதில் ஒரு பாதி. இன்னொரு பாதி டிரான்ஸ்பார்மரில் வைக்கிற மீட்டர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது ஸ்மார்ட் கிரிட்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரு நாளில் 1,000 யூனிட் வெளியே போகிறது. அதன் கீழ் இருக்கும் எல்லா வீட்டு மீட்டர்களையும் கூட்டினால் 850 வருகிறது. மீதி 150 எங்கே போனது? கொஞ்சம் கம்பியில் சூடாகப் போயிருக்கும். கொஞ்சம் மீட்டர் இல்லாத இடத்துக்குப் போயிருக்கும். கொஞ்சம் கொக்கி போட்டு எடுத்திருப்பார்கள். இப்போது இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அரைமணிக்கு ஒருமுறை கணக்கு வந்தால் பிரித்துவிடலாம். கம்பியில் போகும் இழப்பு சாயங்காலம் லோடு ஏறும்போது ஏறும், ராத்திரி 2 மணிக்கு இறங்கிவிடும். கொக்கி அப்படி நடக்காது.

இன்னொன்றும் இதில் தெரியும், அதுதான் எனக்கு முக்கியம். டிரான்ஸ்பார்மரிலிருந்து 3 பேஸ், அதாவது கரண்ட் வரும் மூன்று தனிக் கம்பி, வருகிறது. வீடுகளை மூன்றுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். நடப்பில், புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு எந்தக் கம்பி கைக்கு வாகாக இருக்கிறதோ அதிலேயே கொடுத்துக்கொண்டு போவார்கள். பத்து வருடத்தில் ஒரு பேஸ் மூச்சு முட்டும், இன்னொன்று சும்மா கிடக்கும். எந்த வீடு எந்தப் பேஸில் இருக்கிறது என்று பல ஊர்களில் யாரிடமும் பட்டியல் இல்லை. வீட்டு மீட்டரின் வோல்டேஜ் ஏறி இறங்குவதையும் டிரான்ஸ்பார்மரில் ஒவ்வொரு பேஸும் ஏறி இறங்குவதையும் ஒப்பிட்டால், கம்பத்தில் ஏறாமலே அந்தப் பட்டியலைத் தயார் செய்துவிடலாம். அப்புறம் பத்து வீட்டின் கம்பியை மாற்றிக் கட்டினால் போதும், புது டிரான்ஸ்பார்மரே தேவைப்படாத இடங்கள் உண்டு.

நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் 2012-லேயே பவர் கிரிட் நிறுவனமும் அங்குள்ள மின்துறையும் சேர்ந்து இப்படி ஒரு சோதனைத் திட்டம் நடத்தின. பல கம்பெனிகளின் மீட்டர்களை ஒரே ஊரில் வைத்து, எது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள்.

இதனால் நமக்கு என்ன லாபம்? மின்வாரியத்துக்குத்தானே லாபம்?

வசூலில் அவர்களுக்கு லாபம் உண்டு. நமக்கு இருக்கும் லாபத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், கிராமத்தான் ஸ்மார்ட் மீட்டரைக் கேட்டு வாங்க வேண்டிய ஒரே காரணம் வோல்டேஜ்தான்.

என் கடைக்கு வரும் மோட்டாரைத் திறந்ததும் ஒரு வாடை வரும், வார்னிஷ் கருகிய வாடை. காயில் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் ஒரு காரணம், சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் வேறு காரணம். சுற்றிலும் சீராகக் கருகி வருவது லோ வோல்டேஜில் திணறித் திணறி ஓடியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று நினைப்போம். அப்படியில்லை, 61 சதவீதம்தான் மிச்சமிருக்கும். தண்ணீர் மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும். நிற்கிற மோட்டார் ஓடுகிற மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இரண்டு மூன்று நிமிடம் போதும், காயில் போய்விடும். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸருக்கும் இதே கதிதான்.

வீட்டு இணைப்பில் வோல்டேஜ் 6 சதவீதம் ஏறலாம், 6 சதவீதம் இறங்கலாம் என்பது 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. 230-க்கு அது ஏறக்குறைய 216-லிருந்து 244 வரை. என் வீட்டில் சாயங்காலம் ஏழரை மணிக்கு 172 பார்த்திருக்கிறேன். புகார் கொடுத்தோம். மறுநாள் காலை 11 மணிக்கு ஆள் வந்தார், மீட்டர் வைத்தார், 228 காட்டியது. “வோல்டேஜ் சரியாகத்தானே இருக்கு” என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் மீதும் தப்பில்லை, காலையில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின ராத்திரி என்ன இருந்தது என்பதற்கு எங்களிடம் சாட்சி இல்லை. மூன்று வருடம் இப்படியே போனது. அந்த மூன்று வருடத்தில் எங்கள் தெருவில் மட்டும் நான் கட்டிக் கொடுத்த காயிலுக்குக் கணக்கில்லை. எனக்கு அது வருமானம்தான். ஆனாலும் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஒரே வருடத்தில் மூன்றாவது தடவையாக அதே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும்போது வாங்கக் கை கூசும்.

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் ஏழரை மணி 172 ஏழரை மணிக்கே பதிவாகிவிடும். காலையில் வந்து பார்க்கத் தேவையில்லை. அந்தப் பதிவு நமக்கும் கிடைக்க வேண்டும், அதை நாம் கேட்க வேண்டும்.

புனேயில் பிரயாஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள் 2007-லேயே இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். சுவரில் செருகும் ஒரு சின்னக் கருவி நிமிடத்துக்கு நிமிடம் வோல்டேஜைக் குறித்து, செல்போன் சிம் வழியாக அனுப்பும். கிராமம், நகரம் என்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் வைத்து, எந்த ஊரில் எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது, எத்தனை மணி நேரம் லோ வோல்டேஜ் என்று எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். மின்வாரியம் சொல்லும் கணக்கு ஒன்று, வீட்டுப் பிளக்கில் வரும் கணக்கு இன்னொன்று என்பதைத் தாளில் காட்டிய வேலை அது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் அதே வேலையை ஒவ்வொரு வீட்டிலும் செய்யலாம்.

மீட்டர் வேகமாக ஓடுமாமே? பில் ஏறிவிடும் என்கிறார்களே?

வேகமாக ஓடாது. வீட்டுக்கான மீட்டரில் கூடுதலோ குறைவோ 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தரம். ஆனால் பில் ஏறலாம், அதுவும் உண்மை. தட்டு சுற்றும் பழைய மீட்டர் வயதானால் மெதுவாகும். சின்னச் சின்ன லோடுக்குத் தட்டு அசையவே அசையாது. புது மீட்டர் அதையும் எண்ணும். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டுத் தூங்கினால் 60 நாளில் 14 யூனிட்டுக்கு மேல் போகும். 100 யூனிட் இலவசம் என்றால் அதில் ஏழில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். ஏற்கெனவே டிஜிட்டல் மீட்டர் இருக்கும் வீட்டில் மீட்டர் மாறியதால் மட்டும் பில் ஏறக் கூடாது. ஏறினால் காரணம் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று இதில் தெரியுமா?

நேராகத் தெரியாது. ஃபேன் இவ்வளவு, ஃபிரிட்ஜ் இவ்வளவு என்று மீட்டர் பிரித்துக் காட்டாது. வீட்டின் மொத்தம்தான் காட்டும். ஆனால் அரைமணிக் கணக்கைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதுவே நிறையச் சொல்லும்.

2023-ல் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஓர் அத்தைக்கு 540 யூனிட் என்று பில் வந்தது, 2,270 ரூபாய். வீட்டில் இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், டிவி, தண்ணீர் மோட்டார், மாட்டுக் கொட்டகையில் ஒரு லைட். “தம்பி, மீட்டர்ல ஏதோ கோளாறு” என்று வந்தார்கள். போனேன். எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னேன். ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். மெயின் மட்டும் ஆனில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மீட்டருக்கு முன்னால் நின்றோம். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும், பார்த்திருப்பீர்கள். எல்லாம் அணைத்திருந்தும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தது. செல்போனில் நேரம் பார்த்தேன், 14 நொடிக்கு ஒரு தடவை.

மீட்டரின் முகத்தில் 3200 என்று போட்டிருந்தது. ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று அர்த்தம். அப்படிப்பட்ட மீட்டரில் 1125-ஐ நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட் கிடைக்கும். 1125-ஐ 14-ஆல் வகுத்தால் 80 வாட். ஒன்றுமே ஓடாத வீட்டில் 80 வாட் எங்கே போகிறது? ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினோம். கொட்டகைக்குப் போகும் ஃபியூஸை எடுத்ததும் சிமிட்டல் நின்றது. மண்ணுக்குள் பதித்திருந்த பழைய வயர், ஈரம் ஏறி, கரண்ட் பூமிக்குள் கசிந்துகொண்டிருந்தது. மாடு கட்டுகிற இடம் அது. அத்தைக்குப் பில்லைவிட மாட்டின் மேல்தான் பதற்றம், எனக்கும் அப்படித்தான். அன்றைக்கே அந்த வயரைத் துண்டித்துவிட்டு மேலே புது வயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவில் டிரிப் ஆகும் பிரேக்கர் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன்.

80 வாட் 60 நாளுக்கு 115 யூனிட். 540-ல் அதைக் கழித்தால் 425. அந்த அளவுக்கு அன்றைய கட்டணப்படி 1,275 ரூபாய்தான் வந்திருக்கும். அரைமணிக் கணக்கு கையில் இருந்திருந்தால் நான் போயிருக்கவே வேண்டாம். ராத்திரி 2 மணிக்கும் கோடு கீழே இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்பதை அவர்களின் பேரப்பிள்ளை செல்போனிலேயே பார்த்துச் சொல்லியிருக்கும்.

இந்தச் சிமிட்டல் கணக்கை நீங்களும் இன்றே செய்து பார்க்கலாம். பழைய சீலிங் ஃபேன் மட்டும் ஓடினால் 15 நொடிக்கு ஒருமுறை சிமிட்டும், 75 வாட். இப்போது வரும், கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனில் 40 நொடி ஆகும், 28 வாட். கடையில் ஃபேன் விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. உங்கள் மீட்டரில் வேறு எண் போட்டிருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை 1125-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

500 யூனிட்டைத் தாண்டினால் பில் துள்ளுகிறதே, அதற்கு இது உதவுமா?

நிச்சயம் உதவும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். அதன்பிறகு 2024-ல் ரூபாய் கொஞ்சம் ஏறியது, இப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, அடுத்த 100-க்கு 6. ஆக 1,725 ரூபாய். 501 ஆனதும் அந்த 2.25 ரூபாய்ப் படி மறைந்துவிடும். 101-லிருந்தே 4.50 போடுவார்கள், 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்.

ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தாலே 480-ல் நிற்க வேண்டிய வீடு 510-ஐத் தொட்டுவிடும். ஸ்மார்ட் மீட்டரில் குறித்த தேதியில் கணக்கு தானாகவே போய்விடும், தாமதத்துக்கு இடமில்லை. அது மட்டுமில்லை, 45-ஆவது நாளில் 390 ஆகியிருக்கிறது என்று நமக்கே தெரிந்தால் மிச்சமிருக்கும் 15 நாளில் கையைக் கட்டிக்கொள்ளலாம். பில் வந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூனில் திருத்தம் செய்தபோது, ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒரு தடவையாவது தூரத்திலிருந்து படிக்க வேண்டும், அந்தக் கணக்கை நுகர்வோருக்குக் காட்ட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அதாவது இது அவர்கள் போடும் பிச்சையில்லை, நம் உரிமை.

எங்கள் ஊரில் செல்போன் டவரே சரியில்லை, மீட்டர் எப்படிப் பேசும்?

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மீட்டருக்குள்ளேயே சிம் இருப்பது, இதற்கு டவர் வேண்டும். இன்னொன்று ரேடியோ அலை. ஒரு வீட்டு மீட்டர் அடுத்த வீட்டு மீட்டரிடம் சொல்லும், அது அதற்கடுத்ததிடம் சொல்லும், இப்படி வாய்வழியாகப் போய்க் கம்பத்தில் இருக்கும் ஒரு பெட்டியில் எல்லாம் சேரும். அந்தப் பெட்டிக்கு மட்டும் டவர் கிடைத்தால் போதும். வீடுகள் நெருங்கியிருக்கும் தெருவுக்கு இது நல்லது. தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வீட்டுக்குச் சிம்தான் வழி. எது வந்தாலும் சிக்னல் போனால் கணக்கு அழிந்துபோகாது. மீட்டர் தன் நினைவில் வைத்திருந்து, சிக்னல் வந்ததும் சேர்த்து அனுப்பும்.

நம்மவர்கள் கேட்டு வைக்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் தெருவுக்கு எந்த முறை என்று வைக்க வரும்போதே கேளுங்கள். டவர் இல்லாத தெருவில் சிம் மீட்டரை மாட்டிவிட்டுப் போனால், பழையபடி ஆள் வந்துதான் ரீடிங் எடுக்க வேண்டியிருக்கும்.

ப்ரீபெய்ட் என்றால், காசு தீர்ந்ததும் ராத்திரியில் கரண்ட்டை நிறுத்திவிடுவார்களா?

நிறுத்த முடியும் என்பது உண்மை, நிறுத்துவார்களா என்பது அந்தந்த மாநிலம் வகுக்கும் விதியைப் பொறுத்தது. ப்ரீபெய்ட்டில் ஒரு நன்மை சட்டத்திலேயே இருக்கிறது. 2003-ஆம் வருட மின்சாரச் சட்டம் 47-ஆவது பிரிவின்படி ப்ரீபெய்ட் மீட்டருக்கு ஒப்புக்கொள்கிறவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது.

தூரத்திலிருந்து துண்டிக்கும் வசதி எப்படித் தப்பாகப் போகும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் சாட்சி. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி. ஒரு தவறான கட்டளை போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் கரண்ட் நின்றுவிட்டது. பணம் கட்டிய வீடுகளும் அதில் உண்டு. இது நடந்த விஷயம், மறைக்கக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான்: ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் துண்டிப்பு கூடாது, துண்டிக்குமுன் செல்போனுக்கும் வீட்டுக்கும் தகவல் வர வேண்டும், ஸ்மார்ட்போன் இல்லாத கிழவிக்கு ஊரிலேயே பணம் கட்ட ஓர் இடம் வேண்டும். ஒரு வாரக் கூலியைப் பொறுத்து வாழும் வீட்டில் ரீசார்ஜ் தள்ளிப்போவது சாதாரணம். அவர்களை மனதில் வைத்துத்தான் விதி எழுத வேண்டும்.

லோடு கூட என்று சொல்லி அபராதம் போடுவார்களா?

பயப்பட வேண்டாம். மீட்டர் உச்ச லோடையும் குறிக்கும் என்பது சரிதான். ஆனால் அதே 2023 திருத்தத்தில் இரண்டு பாதுகாப்பு இருக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் காட்டும் உச்ச லோடை வைத்து, அது வைப்பதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது. அனுமதித்த லோடை ஒரு நிதியாண்டில் மூன்று தடவையாவது தாண்டினால்தான் லோடை உயர்த்தலாம். கல்யாணத்துக்கு ஒரு நாள் சீரியல் லைட் போட்டதற்கெல்லாம் யாரும் எழுத முடியாது.

நேரத்துக்கு ஒரு கட்டணம் என்கிறார்களே?

பகல் வெயில் நேரத்தில் 8 மணி நேரம் குறைவாகவும், உச்ச நேரத்தில் அதிகமாகவும் வாங்கலாம் என்று மத்திய விதி சொல்கிறது. விவசாயத்துக்கு இது இல்லை. மாநில ஒழுங்குமுறை ஆணையம் கட்டண ஆணையில் எழுதினால்தான் நம் வீட்டில் நடைமுறைக்கு வரும். வந்தால் மாவரைப்பதையும் தண்ணீர் ஏற்றுவதையும் பகலுக்கு மாற்றலாம். பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து அடுப்பு மூட்டுகிற வீட்டுக்கு என்ன வழி என்பதை இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாங்கள் வீட்டில் இருக்கிறோமா இல்லையா என்பது வெளியே தெரிந்துவிடாதா?

தெரியும். அரைமணிக் கணக்கைப் பார்த்தால் எப்போது எழுந்தார்கள், எப்போது தூங்கினார்கள், எத்தனை நாள் ஊரில் இல்லை என்று சொல்லிவிடலாம். இந்தக் காரணத்துக்காகவே நெதர்லாந்தில் 2009-ல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டத்தை மேலவை நிராகரித்தது. பிறகு விருப்பப்பட்டவர்களுக்கு என்று மாற்றித்தான் கொண்டுவந்தார்கள். இங்கே 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. கிராமத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. சர்வீஸ் நம்பர் ஊரில் எல்லோருக்கும் தெரியும், கதவுக்கு மேலேயே எழுதியிருக்கும். ஆகவே செயலியில் பதிவு செய்யும்போது உங்கள் வீட்டு ஆளின் செல்போன் எண்ணையே கொடுங்கள். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வரும் புரோக்கரின் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

கதிர்வீச்சு?

மீட்டர் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்காது, விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம்தான் பேசும். தலைமாட்டில் வைத்துத் தூங்கும் செல்போனை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

கிணற்று மோட்டாருக்கும் வருமா? இலவச மின்சாரம் போய்விடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது விவசாயிகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். 1990-லிருந்து தமிழ்நாட்டில் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் இருக்கிறது. அது கிடைத்த கதை பெரியவர்களுக்குத் தெரியும், ரத்தம் சிந்திய கதை. மத்திய அரசின் இந்தத் திட்டத்தில் ப்ரீபெய்ட் மீட்டர் விவசாய இணைப்பைத் தவிர்த்த மற்றவர்களுக்குத்தான். விவசாயத்துக்குத் தனி லைன் பிரித்து, அந்த லைனுக்கு மொத்தமாகக் கணக்கெடுக்கலாம் என்பது திட்டத்தில் உண்டு. அதனால் கிணற்று மோட்டாருக்கு மீட்டர் வைக்க என்று யாராவது பணம் கேட்டு வந்தால், கையில் இருக்கும் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள்.

மாடியில் சோலார் போட்டால்?

போகிறதையும் வருகிறதையும் இரண்டு பக்கமும் எண்ணும் மீட்டர் வேண்டும். குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்து மொதேரா, சூரியக் கோயில் இருக்கிற ஊர், நல்ல உதாரணம். 2022 அக்டோபரில் 24 மணி நேரமும் சூரிய மின்சாரத்தில் ஓடும் முதல் கிராமம் என்று அறிவித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீட்டு மாடிகளில் 1 கிலோவாட் தகடு, பக்கத்தில் 6 மெகாவாட் நிலையம், ராத்திரிக்கு பேட்டரி. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரே தெருவில் பத்து வீடு சோலார் போட்டால் மத்தியானத்தில் வோல்டேஜ் ஏறும். சாயங்காலம் 172 இருந்த தெருவில் மத்தியானம் 255 வரலாம். அதையும் மீட்டர்தான் சொல்ல வேண்டும்.

ரீடிங் தப்பு என்று தோன்றினால் என்ன செய்வது?

எழுத்தில் புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதே நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, ரீடிங் நம் உபயோகத்தோடு ஒத்துவரவில்லை என்று புகார் கொடுத்தால் 5 நாளுக்குள் பக்கத்தில் இன்னொரு மீட்டர் வைத்துக் குறைந்தது 3 மாதம் சரிபார்க்க வேண்டும். கரண்ட் போனதற்கும் வோல்டேஜுக்கும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் பண்ணலாம், 94987 94987, எந்த நேரமும். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அங்கும் சரியாகாவிட்டால் ஒவ்வொரு மின்வாரிய வட்டத்திலும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், நாமே எழுதலாம்.

ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை என்ன செய்வது?

எங்கள் தெருவில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பிளக்கில் செருகினால் வோல்டேஜ் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூன்று வாங்கினோம். ஒன்று டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் என் கடையில், ஒன்று நடுத்தெருவில் ஒரு வீட்டில், ஒன்று கடைசிக் கம்பத்தில் என் வீட்டில். ஆளுக்கொரு 40 பக்க நோட்டு. காலை 6, மத்தியானம் 1, சாயங்காலம் 7, ராத்திரி 9 என்று நாலு வேளை எழுதினோம். நடுத்தெரு நோட்டை எட்டாவது படிக்கும் ஒரு பெண்பிள்ளை எழுதியது. ஒரு நாள்கூட விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து மூன்று நோட்டையும் எடுத்துக்கொண்டு போனோம். சாயங்காலம் 7 மணிக்குக் கடையில் 221, நடுத்தெருவில் 196, என் வீட்டில் 174 என்று வரிசையாக 60 நாள் இருந்தது. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் இரண்டு லைன்மேன் சாயங்காலம் ஆறரைக்கு வந்து, கம்பத்தடியில் நின்று ஏழு மணி ஆகட்டும் என்று காத்திருந்தார்கள். கடைசி 11 வீடும் ஒரே பேஸில் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு வீட்டை மாற்றிக் கட்டினார்கள். இப்போது என் வீட்டில் ஏழு மணிக்கு 208 வருகிறது. 216 இன்னும் வரவில்லை. நோட்டை எழுதிக்கொண்டிருக்கிறோம்.